களைவது கொலையாகுமா?



கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் இல்லங்களில் எழும் சில ஐயங்களுக்கு, நூல்களைப் புரட்டிய மாத்திரத்தில் விடை கிடைத்துவிடுவதில்லை. அத்தகைய ஐயம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் திண்ணையில் எழுந்தது. அன்று நான் கூறிய விடை பிழையன்று. ஆயினும் முழுமையானதும் அன்று. அக்குறையின் விலையை வேறொரு பெண் செலுத்த நேர்ந்தது. வயது எழுபதைக் கடந்துவிட்ட நான் இதை எழுதி வைக்காமற் போவது முறையன்று என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றேன்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றுவதற்காகத் தென்கோடிக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் மண்டைக்காட்டிலேயே தங்கிவிட்டவள் நான். கடலோரத்துச் சிற்றூர் இது. இங்குள்ள பகவதியம்மன் கோயிலில், தலைநோய் தீர வேண்டி மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். தலைவலிக்கு நேர்ந்துகொண்டதை ஊரறியக் கூறும் பெண்கள், கருப்பையின் நோயை அடுத்த வீட்டாரிடமும் கூறுவதில்லை. இதில் இன்ன சமயத்தார், இன்ன குலத்தார் என்ற வேறுபாடு இல்லை, நம்மவரும் அப்படியே.

தாயை இழந்த என் தங்கை மகள், கணவனுடன் நாகர்கோவிலில் வாழ்ந்து வந்தாள். முதல் கரு. மூன்றாம் மாதத்தில் ஓயாத வாந்தியும் இடையிடையே உதிரப்போக்கும் கண்டன. வயிறோ ஐந்து மாதத்திற்குரிய அளவில் இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், "உள்ளே குழந்தை இல்லை, திராட்சைக் குலை போன்ற நீர்க்கொப்புளங்களே உள்ளன. காலம் தாழ்த்தாமல் அகற்றிவிட வேண்டும்" என்று கூறிவிட்டார். மருமகளைக் கவனித்துக்கொள்ள வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமியார் அதற்கு இசையவில்லை. பெண்ணை அழைத்துக்கொண்டு நேரே என் வீட்டிற்கு வந்துவிட்டார்.

"சம்பந்தியம்மா, நீங்கள் படித்தவர். குடிநீரையும் வடிகட்டிக் குடிக்கும் குலம் நம்முடையது. கருவில் வந்ததை வழித்தெறியச் சொல்கிறார்களே, இது கொலையாகாதா? அந்தப் பாவம் இந்தப் பெண்ணைச் சேராதா?" என்று கேட்டார் அவ்வம்மையார். கதவோரம் அமர்ந்திருந்த பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பெரியம்மா, உள்ளே இருப்பது என் பிள்ளையா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

முத்துப்பிள்ளை என்பது யாது?

நம் பாட்டிமார் இதனை 'முத்துப்பிள்ளை' என்றனர். கொப்புளங்கள் முத்துகளைப் போல் திரண்டிருப்பதால் அமைந்த பெயர். பெயரிலேதான் பிள்ளை உண்டு, உள்ளே இல்லை. அது ஏன் என்பதை மருத்துவர் ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து எங்களுக்கு விளக்கினார். வகுப்பறையில் எத்தனையோ படங்கள் வரைந்த எனக்கு அது புதுப்பாடமாக இருந்தது.

இயல்பான கருவில், தாயின் முட்டையிலிருந்து 23 குரோமோசோம்களும் தந்தையின் விந்தணுவிலிருந்து 23 குரோமோசோம்களும் சேர்ந்து 46 ஆகின்றன. இருவர் பங்கும் கூடினாலன்றிக் குழந்தை உருவாவதில்லை. முழு முத்துப்பிள்ளையில், தாயின் பங்கை இழந்துவிட்ட வெறும் முட்டையினுள் ஒரு விந்தணு புகுந்து, தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சிலபோது இரு விந்தணுக்கள் புகுவதும் உண்டு. எண்ணிக்கை 46 ஆகிவிடுகிறது. ஆனால் அத்தனையும் தந்தை வழி வந்தவை. அதனால் கரு உருவாகாமல், நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் கட்டுக்கடங்காது பெருகுகிறது. பகுதி முத்துப்பிள்ளை என்று மற்றொரு வகை உண்டு. அதில் நல்ல முட்டையினுள் இரு விந்தணுக்கள் புகுந்து, குரோமோசோம்கள் 69 ஆகின்றன. அங்கே கருவின் உறுப்புகள் சில தோன்றலாம். எனினும் அது பிழைத்து வளர இயலாது.

மேலைநாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் கருவுறுதல்களுக்கு ஒன்று இவ்வாறு ஆகின்றது. ஆசிய நாடுகளில் இதனினும் மிகுதி என்று பல கணக்குகள் கூறுகின்றன. இருபது வயதிற்குக் குறைந்த பெண்களுக்கும் நாற்பதைக் கடந்தவர்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். அகற்றிய பின் பெரும்பாலோர்க்கு எல்லாம் தானே சரியாகிவிடும். ஆனால் முழு முத்துப்பிள்ளை கண்ட நூறு பேரில் பதினைந்து முதல் இருபது பேர்க்கு, எஞ்சிய திசு மீண்டும் வளரத் தொடங்கும். அவ்வளர்ச்சி கருப்பைச் சுவரைத் துளைத்து, குருதி வழியாக நுரையீரலுக்கும், சிலர்க்கு ஈரலுக்கும் மூளைக்கும் செல்லவல்லது. இந்நோய்களுள் கொடியது கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோய். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்னும்படி அரியது. முத்துப்பிள்ளைக்குப் பின் மட்டுமன்றி, கருச்சிதைவுக்குப் பின்னும், நல்ல குழந்தை பிறந்த பின்னும்கூட அது தோன்றுவதுண்டு.

ஹிம்சை எது?

இனி அம்மையாரின் வினாவிற்கு வருவோம். உடலால் நிகழும் திரவிய ஹிம்சை வேறு, உள்ளத்தில் எழும் பாவ ஹிம்சை வேறு என்று நம் ஆசாரியர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். விழிப்போடு அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் அவர் அறியாது ஒரு சிற்றுயிர் மடிந்தால், அவர் கொலைஞர் ஆகார். எவ்வுயிர்க்கும் தீங்கு நேராதிருந்தும் அயர்ந்து நடந்தவர் குற்றத்தினின்று தப்பார். இல்லறத்தார்க்கு ஹிம்சை நான்கு வகையாக ஓதப்படுகின்றது: கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பி, வீட்டுப் பணியில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, காத்துக்கொள்ளுங்கால் நேரும் விரோதி. இவற்றுள் சிராவகர் முற்றும் துறக்க வேண்டியது முதலாவது. ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

முழு முத்துப்பிள்ளையில் மனித உடலொன்று உருவாவதற்குரிய அடிப்படையே இல்லை. அங்கு ஓர் ஆன்மா வந்து தங்கிற்றா என்பதைக் கேவல ஞானிகளே அறிவர். நாம் நம் அறிவுக்கு எட்டியவற்றைக் கொண்டே செயற்படக் கடமைப்பட்டவர்கள். நமக்கு எட்டியது இதுவே: களையப்படுவது குழந்தை அன்று, களையாவிடில் பெருகும் குருதிப்போக்கால் மாளக்கூடியவள் கண்ணெதிரே அமர்ந்திருக்கும் ஐம்பொறி உயிர். பகுதி முத்துப்பிள்ளையில் வினா இன்னும் கடினமானதே, அதை மறைப்பதற்கில்லை. அங்கும் பிழைக்க வழியற்ற ஒன்றின் பொருட்டுத் தாயையும் இழப்பது அஹிம்சை ஆகாது. மருத்துவரின் கருத்து காத்தலேயன்றிக் கொல்லுதல் அன்று.

இவற்றையெல்லாம் நான் அன்று விளக்கினேன். பெண்ணிடம், "அது உன் பிள்ளை அன்று, அம்மா. பிள்ளை என்று நீ கொண்ட அன்பு மட்டும் பொய்யன்று, அதற்காக அழுதுகொள்" என்றேன். அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்து, பின் தலையசைத்தார். மறுநாளே மருத்துவமனையில் சேர்த்தோம். உறிஞ்சு கருவி கொண்டு அகற்றினர். திசுவை ஆய்வுக்கு அனுப்பி, முழு முத்துப்பிள்ளை என்பதை உறுதி செய்தனர். பெரிய அறச்சிக்கலைத் தீர்த்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவு. கற்பிப்போர்க்கு இயல்பாய் உள்ள குறை இது. விளக்கி முடித்தால் கடமையும் முடிந்தது என்று எண்ணிவிடுவோம்.

என் அயர்வு

மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அனுப்பும்போது ஒரு சீட்டுத் தந்தனர். வாரந்தோறும் குருதியில் எச்.சி.ஜி. என்னும் நீரின் அளவைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கருவுற்றதை அறிய வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனையில் தென்படுவதும் இந்த எச்.சி.ஜி.யே. நஞ்சுக்கொடித் திசுவே இதனைச் சுரப்பதால், உடலில் எங்கேனும் அத்திசு துளியளவு எஞ்சியிருப்பினும் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் புலப்படாததை எண் அறியும்.

அகற்றியது கார்த்திகையில். அப்போது இரண்டு இலட்சத்திற்கு மேலிருந்த எண், வாரந்தோறும் இறங்கி, தை முடிவில் முப்பதுக்கு வந்துவிட்டது. ஐந்துக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது மருத்துவரின் கணக்கு. பெண் ஓய்வுக்காக என் வீட்டில்தான் இருந்தாள். மாசி பிறந்தது. மண்டைக்காட்டில் கொடை விழா. பத்து நாளும் கேரளத்திலிருந்து இருமுடி ஏந்திப் பெண்கள் திரள் திரளாய் வந்து சேரும் காலம். பேருந்தில் கால் வைக்க இடமில்லை. "பெரியம்மா, இந்த வாரம் நாகர்கோவிலுக்குப் போய்ச் சோதனை செய்துவிட்டு வரட்டுமா?" என்று அவள் கேட்டாள். "முப்பதுதானே மிச்சம். கொடை முடியட்டும், கூட்டத்தில் இடிபடாதே" என்றேன் நான்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டது ஐந்து வாரமாயிற்று. அவளுக்கும் உடல்நலம் தேறிவிட்டது போல் இருந்தது. வீட்டில் அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. பங்குனி இறுதியில் மீண்டும் உதிரப்போக்கு. இருமலில் குருதிக் கீற்று. எண் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலில் இரண்டு புள்ளிகள்.

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நோய் வந்தது உங்களால் அன்று, சோதனைக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும். ஆனால் புள்ளிகள் தோன்றும் முன்பே கண்டிருப்போம்" என்று மட்டும் சொன்னார். அச்சொற்கள் என்னைச் சுட்டன. களைவது கொலையாகுமா என்ற வினாவிற்கு நூல்களின் துணைகொண்டு விடை கூறிய நான், அதே நூல்கள் ஹிம்சைக்கு வித்தெனக் கூறும் பிரமாதத்தை, அதாவது அயர்வை, என் வீட்டிலேயே வளர்த்திருந்தேன். கையில் கத்தி எடுத்தவர் ஹிம்சை செய்யவில்லை. "கொடை முடியட்டும்" என்று கூறிய நாவே செய்தது.

நஞ்சா, மருந்தா?

இப்போது ஊசி மருந்து தேவையாயிற்று. அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். "இது விஷம் என்கிறார்களே" என்று அம்மையார் அஞ்சினார். அவர் அச்சத்தைப் போக்கும் பொருட்டு இம்மருந்து பிறந்த வழியைத் தேடிப் படித்தேன். அவ்வழி நம் சென்னையைத் தொட்டுச் செல்வது கண்டு வியந்தேன்.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். அங்கு ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடும் சோகை கண்டு மாண்டுகொண்டிருந்தனர். குன்னூரிலும், 1931-இல் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையாக விளங்குவது அதுவே. மலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையை நீக்குவதை அவர் கண்டறிந்தார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1941-இல் கீரையிலிருந்து அதனைப் பிரித்தவர்கள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அப்பெயரை இட்டனர். இன்று கருவுற்ற பெண்களுக்கு அரசே வழங்கும் மாத்திரையில் இரும்புச் சத்தோடு இருப்பது அதுவே.

எல்லப்பிரகத சுப்பாராவ் என்பவர் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். 1920-களில் அமெரிக்கா சென்ற அவர், லெடர்லே ஆய்வகத்தில் தலைமை தாங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. பின் அக்குழுவினர், ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு மாறான செயலும் உடைய பொருள்களை ஆக்கினர். விரைந்து பெருகும் அணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் மிகுதியாக வேண்டும். போலியை உண்ட அணு பெருக மாட்டாது. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இத்தகைய மருந்தொன்றைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். தாயகம் திரும்பவே இல்லை. மெத்தோட்ரெக்சேட் இக்குடும்பத்தைச் சேர்ந்த மருந்து.

கருவுற்ற பெண்களைக் காக்கத் தேடிய சத்தின் நிழலே, கருவிலிருந்து வந்த புற்றுநோயைத் தீர்க்கும் மருந்தாயிற்று. நஞ்சும் மருந்தும் பொருளில் இல்லை. அளவிலும் பயன்படுத்துவோர் கருத்திலும் உள்ளன என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன். அது நல்ல அணுக்களையும் தாக்கும் என்பதால், ஊசிக்குப் பின் குறித்த நேரத்தில் ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்தையும் கொடுக்கின்றனர்.

எண் கூறிய உண்மை

1956-ஆம் ஆண்டுக்கு முன், உடலெங்கும் பரவிய கோரியோகார்சினோமாவிலிருந்து மீண்டவர் அரிதினும் அரிது. அவ்வாண்டில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சீனத்திலிருந்து வந்த லீ மின் சியூ என்னும் மருத்துவர், ராய் ஹெர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து, நுரையீரலில் குருதி கசிந்து இறக்கும் நிலையிலிருந்த இளம்பெண்ணுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. பரவிய திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்று மருந்தினால் மட்டும் குணமானது இதுவே முதன்முறை.

நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. கட்டிகள் மறைந்த பின்னும் சிறுநீரில் எச்.சி.ஜி. சிறிதளவு எஞ்சியிருப்பதை லீ கண்டார். அது அறவே நீங்கும் வரை மருந்தைத் தொடர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்காகப் பெண்களுக்கு நஞ்சூட்டுவதாக அவர்மேல் பழி வந்தது. 1957-இல் அவர் பணியை இழந்தார். காலம் செல்லச் செல்ல உண்மை புலப்பட்டது. கட்டி மறைந்தவுடன் மருந்தை நிறுத்திய பெண்களுக்கு நோய் மீண்டும் வந்தது. லீ விடாது மருத்துவம் செய்தவர்களுக்கு வரவில்லை. 1972-இல் அவருக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது.

இதைப் படித்தபோது என் முகம் கவிழ்ந்தது. அவரைப் பணிநீக்கியோர் கேட்டதும், "முப்பதுதானே மிச்சம்" என்று நான் கேட்டதும் ஒரே கேள்வி அன்றோ! கழனியில் கோரையை மேலோடு அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டுவைப்பவன், மறு மழைக்கு என்ன காண்பான் என்பதை உழவுத் தொழில் செய்து வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. லீயின் காலத்தில் எச்.சி.ஜி.யை அளப்பதற்கே எலிகளைப் பலியிட்டனர். இன்று ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நாம் துய்க்கும் இந்நலம், அவ்வுயிர்களுக்கு நாம் பட்ட கடன். அக்கடனை நினையாமல் நலத்தை மட்டும் பெற்றுக்கொள்வது நம் அறத்திற்கு ஏற்றதன்று. அவ்வாறு பெற்ற அறிவை நம் சோம்பலால் வீணாக்குவது அதனினும் இழிவு.

அம்மையாரின் ஏடு

மருத்துவம் தொடங்கிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் 30 மணி நேரம் கழித்து மாற்று மாத்திரை. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை மீண்டும் அதே வரிசை. பிற்பகல் 2 மணிக்கு ஊசி எனின், மறுநாள் இரவு 8 மணிக்கு மாத்திரை. அம்மையார் நாற்பது ஆண்டுகளாகப் பொழுது சாய்ந்த பின் எதுவும் உண்ணாதவர். அவ்விரதத்தை மருமகளும் கடைப்பிடித்து வந்தாள். என்ன செய்வாரோ என்று கவலையோடிருந்தேன். மணி எட்டு அடித்தது. அவரே எழுந்து சென்று மாத்திரையும் நீரும் கொண்டுவந்து கொடுத்தார். "உயிரைக் காக்கத்தான் விரதம். இதை மணி தவறிக் கொடுத்தால்தான் எனக்குப் பாவம்" என்றார். நூல் கற்ற நான் தவறிய இடத்தில் அவர் தவறவில்லை.

உபவாச நாள்களைக் குறித்து வைக்க அவரிடம் ஓர் ஏடு இருந்தது. அதிலேயே ஊசி நாள், மாத்திரை நேரம், சோதனை நாள், எச்.சி.ஜி. எண் என எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார். வாய்ப்புண்ணால் பெண் உண்ண மாட்டாது துன்புற்ற நாள்களும் அதில் உண்டு. எண் ஐந்துக்குக் கீழே இறங்கியது. அதன் பின்னும் மூன்று சுற்று ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர். மருமகளின் தளர்ச்சியைக் கண்டு அவள் கணவன், "எண்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்டான். "எச்சம் வைக்கக்கூடாதப்பா" என்றார் அம்மையார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

இல்லத்தார் கடமை

நம் குடும்பங்கள் நினைவிற் கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன்.

ஒன்று. கருவுற்ற காலத்தில் உதிரப்போக்கு, அளவு கடந்த வாந்தி, மாதத்திற்கு மீறிய வயிறு ஆகியவை தோன்றினால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பிரசவத்திற்கோ கருச்சிதைவிற்கோ பின் உதிரப்போக்கு நீண்டு நின்றாலும், காரணமின்றி இருமலில் குருதி கண்டாலும், எச்.சி.ஜி. சோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெறல் நன்று.

இரண்டு. முத்துப்பிள்ளையை அகற்றிய பின், எண் இயல்புக்கு வரும் வரை வாரந்தோறும், அதன்பின் மருத்துவர் குறிக்கும் காலம் வரை மாதந்தோறும் சோதனை வேண்டும். திருவிழா, திருமணம், தேர்வு எதுவும் அதற்குத் தடையாகலாகாது. பிரிட்டனில் 1973 முதல் இத்தகைய பெண்கள் யாவரையும் பதிவு செய்து, அவர்கள் அஞ்சலில் அனுப்பும் மாதிரிகளைச் சிறப்பு மையங்களில் சோதித்து வருகின்றனர். அங்கே ஒரு நாடே ஏற்றுக்கொண்ட விழிப்பை, இங்கே ஒவ்வொரு வீடும் ஏற்க வேண்டியுள்ளது.

மூன்று. அக்காலத்தில் அடுத்த கரு உண்டாகாதபடி காத்துக்கொள்ள வேண்டும். புதுக் கரு உண்டானால் எண் தானே உயரும். நோயை அறிய முடியாமற் போகும். ஊசி மருந்து பெற்றவர்கள் மருத்துவம் முடிந்து ஓராண்டு பொறுத்திருத்தல் வேண்டும். பேரக்குழந்தைக்கு அவசரப்படும் பெரியவர்கள் இதை முதலில் உணர வேண்டும். ஊசி நடைபெறும் காலத்தில் சத்து மாத்திரை என்று எதையும் நாமாகக் கொடுக்கலாகாது. ஃபோலிக் அமிலம் அம்மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

நான்கு. இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிக்கை இழக்க வேண்டா. மெத்தோட்ரெக்சேட் இன்று நம் நாட்டிலேயே செய்யப்படும், விலை குறைந்த மருந்து. நோயின் கடுமை குறைந்த நிலையில் ஏறத்தாழ அனைவரும் குணமடைகின்றனர். கடுமை மிகுந்த நிலையிலும், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிறப்பு மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல் பிழைக்கின்றனர். கருப்பையை இழக்காமலே பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும், 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நம்மவர் நாடத்தக்கவை.

ஐந்து. பெண்ணைப் பழியாதீர்கள். "முற்பிறப்பில் செய்த வினை" என்று அவள் காதுபடப் பேசுவோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. வினைக் கொள்கை, நம் செயல்களை நாமே எடைபோட நமக்குத் தரப்பட்ட துலாக்கோல்; பிறரை அடிக்கும் கோல் அன்று. முழு முத்துப்பிள்ளையின் குரோமோசோம்கள் தந்தை வழி வந்தவை என்பதால் கணவனைப் பழிப்பதும் தகாது. இது எவர் குற்றத்தாலும் நேர்வதன்று.

அன்னம், அபயம், மருந்து, சாத்திரம் ஆகிய நான்கையும் தானங்களாக வைத்துப் போற்றியது நம் சமயம். இந்நோயைப் பொறுத்தவரை அந்நான்கையும் ஒரு வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது நான் கண்ட உண்மை. வாய்ப்புண்ணோடு இருப்பவளுக்குக் குழையச் சமைத்த சோறு. அஞ்சுபவளுக்கு "நாங்கள் இருக்கிறோம்" என்ற சொல். மணி தவறாத மாத்திரை. மறைக்காமல் கூறிய உண்மை.

ஓராண்டு பொறுத்திருந்து, மருத்துவரின் இசைவு பெற்று, என் தங்கை மகள் மீண்டும் கருவுற்றாள். தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்தோம். பிரசவமாகி ஆறு வாரத்தில் எச்.சி.ஜி. சோதனையும் தவறாமல் செய்தோம். அவள் மகள் இப்போது பள்ளிக்குச் செல்கின்றாள். அந்த ஏடு இன்னும் அம்மையாரிடம் உள்ளது. ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்தேன். மாசித் திங்களுக்குரிய பக்கத்தில் எண் எதுவும் இல்லை. அம்மையார் பின்னர் எழுதத் தொடங்கியபோது அந்த ஐந்து வாரங்களுக்கும் இடம் விட்டு வைத்திருந்தார். அவ்வெற்றிடம் என்னுடையது.

களைவது கொலையாகுமா என்று கேட்டால், இன்று நான் தரும் விடை இது: காக்கும் கருத்தோடு களைவது கொலையாகாது, களைந்தாயிற்று என்று அயர்ந்திருப்பது கொலைக்கு வழியாகலாம். கொல்லாமை என்பது கையை மடக்கிக்கொண்டிருப்பது அன்று. கடைசி எச்சம் வரை கண் விழித்திருப்பது. நம் இல்லங்களில் அவ்விழிப்பு நிலைபெறுவதாக.